தொண்ணூற்றைந்து

பட்டர்வொர்த் முகாமில் இருந்த ஆஸ்திரேலியக்காரன் கீத்
ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் விற்றுவிட்டுப் போன காடி.
டாட்சன், எழுபத்தெட்டு, மஞ்சள்.
பானெட்டின் உட்புறம் ஒரு ஸ்டிக்கர்:
ஏதோ விதி, இருபத்தேழு ஏ.
வாங்கும்போது யார் அதைப் படிக்கிறார்கள்?
நான் மைலேஜைப் படித்தேன்.

அதே மாடல், அதே மஞ்சள்
அடுத்த வீட்டு மரியதாஸிடமும் ஒன்று உண்டு.
அது இந்த நாட்டில் பூட்டியது.
சாவியைத் திருப்பினாலே சண்டைக்கு வரும்.
என்னுடையது யோசிக்கும்.
எண்ணெயை மிதித்தால்
"என்ன சொன்னாய்?" என்று
ஒரு நொடி கேட்டுவிட்டுத்தான் கிளம்பும்.

ராஜா ஊடா சாலையில்
ஒரு நொடி ஒன்றுமில்லை.
ஃபெரியின் ஏற்றப் பலகையில் அது ஓர் ஆயுள்.
காலை ஏழு பத்து.
எட்டு மணிக்குத் தீவில், துறைமுக அலுவலகத்தில்,
டைப்ரைட்டர் முன்னால் நான் இருக்க வேண்டும்.
கையசைத்து அழைக்கிறான் ஃபெரிக்காரன்.
பாதிப் பலகையில் நின்றுவிட்டது காடி.
பின்னால் நாற்பது ஹாரன்,
மூன்று மொழியில் என் அம்மாவை விசாரித்தன.
கீழே கடல்
எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் கிடந்தது.

கிம் ஹோ கார்புரேட்டரைப் பிரித்து
சீனச் செய்தித்தாள் மேல் பரப்பினான்.
மரியதாஸ் காடியின் ஜெட்டையும் கழற்றிவந்து
பக்கத்தில் வைத்தான்.
இரண்டு பித்தளைப் பொட்டு.
நடுவில் துளை, தலையில் எண்.
அதில் தொண்ணூற்றெட்டு.
இதில் தொண்ணூற்றைந்து.
"வித்தியாசம்?"
"ஒரு மில்லிமீட்டரை நூறாக வெட்டு. அதில் மூன்று."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."

எங்கோ சிட்னியிலோ மெல்பர்னிலோ
ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்
தங்கள் வானத்தை நினைத்துக்கொண்டு
என் காடியின் வாயில்
மூன்று தையல் போட்டிருக்கிறார்கள்.
இங்கே அப்படி ஒரு மேசை
அதுவரை யாரும் வாங்கவில்லை.

கலவைத் திருகில் வெள்ளை பிளாஸ்டிக் தொப்பி,
கால் சுற்றுக்கு மேல் திரும்பவிடாத காது.
கிம் ஹோ இடுக்கியால் அதைக் கடித்துத் துப்பினான்.
தேவையில்லாத ரப்பர் குழாய்கள் என்று
நாலைந்தின் வாயில் போல்ட் வைத்து அடைத்தான்.
பெரிய ஜெட், சின்ன ஜெட், இரண்டும் புதுசு.
பதினெட்டு வெள்ளி.
"பழசைத் தூக்கி எறி."
எறியவில்லை.
பித்தளை என்றால் எனக்குக் கை வராது.
தலைவலித் தைல டப்பாவில் போட்டு மூடினேன்.

மறுநாள் பலகையில் பறந்தது.
பதினான்கு வருஷம் பறந்தது.
நிறுத்துமிடத்துச் சுவரில்
புகைக்குழாய் உயரத்துக்கு ஒரு கறுப்பு வட்டம்,
அடிப்பிடித்த சட்டியின் அடிபோல.
தீபாவளிக்குத் தீபாவளி அதன்மேல்
சுண்ணாம்பு அடித்தேன்.

தொண்ணூற்றேழு செப்டம்பர்.
கடலுக்கு அப்பால் காடு எரிந்தது.
பாகானில் நின்றால் பினாங்கு இல்லை.
சூரியன், நாக்கில் வைக்க மறந்த
சிவப்பு மாத்திரை.
அந்த மூட்டத்தில்தான் சாலையோரம் நிறுத்தினார்கள்.
ரோஸ்டி என்று சட்டையில் பெயர்,
மூக்குக்குத் துணி கட்டிய பையன்,
என் காடியின் பின்னால் குந்தி
ஒரு கம்பியைச் செருகினான்.
ஐந்து புள்ளி ஒன்பது.
நாலரைக்கு மேல் போகக் கூடாதாம்.

நான் வானத்தைப் பார்த்தேன்.
"இது கணக்கில் வராதா?"
அவனும் பார்த்தான், இருமினான்.
"அதற்குப் பின்பக்கம் இல்லை, காக்.
எங்கே செருகுவது?"

தாளில் கையெழுத்துப் போட்டேன்.
வீட்டில் டப்பாவைத் திறந்தபோது
தைல வாசனையோடு
இரண்டும் இருந்தன, கொஞ்சம் கறுத்து.
கிம் ஹோ கண்ணாடியைத் தூக்கி எண்ணைப் படித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
பாதிக் கூலிதான் வாங்கினான்.

இரண்டு புள்ளி மூன்று என்றது மிஷின்.
சுவர்க் கறுப்பு அப்படியே இருக்கிறது.

திங்கள் காலை ஏழு பத்து.
மூட்டத்துக்குள்ளிருந்து
ஃபெரிக்காரனின் கை மட்டும் அழைத்தது.
மிதித்தேன்.
"என்ன சொன்னாய்?" என்றது காடி.
ஏறு என்றேன்,
இந்த முறை கொஞ்சம் பொறுமையாக.